ஒரே மூச்சில் பதிமூன்று

கேம்ப் ரோட்டில் ஒற்றைச் செருப்போடு இருபது முப்பது அடி நடந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. பின்னால் வந்த பூக்காரம்மா கூப்பிட்டு, "இன்னாம்மா, ஒத்தச் செருப்ப அங்க வுட்டுட்டு நீ பாட்டுக்குப் போய்கினே கீறே" என்று சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். வலது காலில் செருப்பு இல்லை. மதிய வெயிலில் தார் ரோடு காலைச் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை.

என் நோய் எப்படி ஆரம்பித்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தச் செருப்பிலிருந்துதான் சொல்வேன். கேட்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே சில இடங்கள் மாறிப்போகின்றன. அதனால் நடந்தது நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதே நோய் வந்து கை கால் அசையாமல் யாராவது படுத்திருந்தால், கூட இருப்பவர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்களால் பக்கத்தைப் புரட்ட முடியாது என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் ரெஜினா. வீடு சேலையூரில். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், பிளாட் போட்டு இன்னும் வீடு எழும்பாத ஒரு லே-அவுட்டில் காலை ஐந்தரை மணிக்கு வகுப்பு தொடங்கும். கணவர் செல்வராஜ் எலெக்ட்ரீஷியன். மகள் நிஷா கல்லூரியில் இரண்டாம் வருடம்.

செருப்பு கழன்றதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் வயிற்றுப்போக்கில் கிடந்தேன். அது சரியாகி, மறந்தும் போயிற்று. பிறகு பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. பக்கத்துக் கிளினிக்கில் சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

செருப்பு கழன்றது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை என்னால் வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட முடியவில்லை. 'பலம் வேணாம், மிதிக்கிற இடம்தான் முக்கியம்' என்று எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அன்று நானும் மிதித்து மிதித்துப் பார்த்தேன், வண்டி அசையவில்லை. புதன்கிழமை எங்கள் வீட்டு மாடிப்படியைக் கைப்பிடியில் தொங்கியபடி ஏறினேன். வியாழக்கிழமை காலை கட்டிலிலிருந்து எழுந்து நிற்கப் போனவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நிஷா வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். ஈரத் துணி மாதிரி அவள் கையிலிருந்து வழிந்தேன்.

"அம்மா, விளையாடாதே."

"நான் எதுக்குடி இந்த நேரத்துல விளையாடறேன்."

முதல் மாடியிலிருந்து என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, செல்வராஜும் கீழ்வீட்டுக்காரரும் தூக்கி இறக்கினார்கள். ஆட்டோவில் தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் சின்ன ரப்பர் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். துள்ளவில்லை. மறு காலில் தட்டினார், முழங்கையில் தட்டினார். எதுவும் துள்ளவில்லை. சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு செல்வராஜைப் பார்த்து, "வீட்டுக்குப் போகாதீங்க. இங்கேருந்தே நேரா அட்மிஷன்தான்" என்றார்.

இதற்கான ஊசிக்கு வெளியில் என்ன செலவாகும் என்று அவர் சொன்னபோது செல்வராஜ் தன் கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நல்ல மனிதர். "பெரிய கவர்மென்ட் ஆஸ்பத்திரியில இதே ஊசி இலவசமா போடறாங்க. நான் லெட்டர் தர்றேன், இன்னிக்கே போங்க" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். அன்று மதியம் நகரத்துக்குள் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு ஜன்னலோரமாக ஒரு கட்டில் கிடைத்தது.

இரண்டு சோதனைகள் செய்தார்கள். முதலில், பக்கவாட்டில் சுருண்டு படுக்கச் சொல்லி, நடு முதுகுக்குக் கீழே ஊசி போட்டுத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரைக் கொஞ்சம் எடுத்தார்கள். அது கேட்பதற்குத்தான் பயம், உண்மையில் ஒரு அழுத்தம்தான். இரண்டாவது சோதனையில் கையிலும் காலிலும் பொட்டு மாதிரி எதையோ ஒட்டி, சுளீர் சுளீரென்று மின்சாரம் வைத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று திரையில் பார்த்தார்கள். கூட நின்ற செல்வராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "எத்தனை வோல்ட் மேடம் இது?" என்று கேட்டார். இரண்டு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வார்டு டாக்டர் ஒரு பெண், என் வயதிருக்கும். சோதனை முடிவு வந்ததும் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். வயிற்றுக்குள் வந்த கிருமியை விரட்ட என் உடம்பு ஒரு படையைக் கிளப்பியிருக்கிறது. கிருமி போன பிறகும் அந்தப் படை அடங்கவில்லை. என் நரம்புகளையே எதிரி என்று நினைத்து அடிக்க ஆரம்பித்துவிட்டது. நரம்பின் மேல் ஓர் உறை உண்டு, அது உரிந்துபோவதால் மூளை சொல்வது கை காலுக்குப் போய்ச் சேரவில்லை.

செல்வராஜ் முகம் தெளிந்தது. "அப்போ இன்சுலேஷன்தான் போயிருக்கு. உள்ள கம்பி நல்லா இருக்கா டாக்டர்?"

டாக்டர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "கம்பி நல்லாத்தான் இருக்கு. ஸ்டூடன்ட்ஸுக்கு இதைச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆகும்."

"இன்சுலேஷன் மறுபடி போட முடியுமா?"

"போட வேணாம், தானா வளரும். மெதுவா வளரும். மாசக் கணக்காகும்."

"எங்க வயர்ல அப்படி வளர்ந்தா எனக்கு வேலையே இருக்காது டாக்டர்" என்றார் செல்வராஜ். நான் சிரித்தேன். சிரிக்கும்போது வாயின் ஒரு பக்கம் மட்டும்தான் மேலே போகிறது என்று நிஷா கவனித்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை.

நோயின் பெயர் கில்லன் பாரே. ஆஸ்பத்திரியில் சுருக்கமாக ஜி.பி.எஸ். என்பார்கள். வார்டில் வேலை செய்யும் மல்லிகா அதைக் கேட்டுவிட்டு, "எங்க வூட்டுக்காரு போன்லகூட அது கீதுக்கா. வழி காட்டும். உனுக்கு இன்னா, வழிய மறிச்சுகினு கீது" என்றாள். துடைப்பமும் வாளியுமாக அந்த வார்டையே அவள்தான் நடத்தினாள். நோயாளிகளின் பெயர், ஊர், யாருக்கு எத்தனை பிள்ளை எல்லாம் கேஸ் ஷீட்டில் இருப்பதைவிட அவளுக்கு அதிகமாகத் தெரியும்.

இந்த நோயில் கால் போவதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அது காலிலிருந்து மேலே ஏறும். ஏறி மார்பை எட்டினால் மூச்சுத் தசைகள் தளர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க அவர்களிடம் இருந்த வழி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை வரை போகிறது என்று சிஸ்டர் குறித்துக்கொள்வார். பத்துக்குக் கீழே இறங்கினால் தொண்டையில் குழாய் போட்டு மிஷினில் வைக்க வேண்டும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

முதல் நாள் இருபத்தெட்டு வரை எண்ணினேன். மறுநாள் காலை இருபத்திரண்டு. மதியம் பதினேழு. சாயங்காலம் பதினான்கு. என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் வார்டின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே வைத்தார்கள். குழாய் போடும் மிஷின் பக்கத்திலேயே நின்றது. ஊசி மருந்து பாட்டில் பாட்டிலாக ஐந்து நாள் ஏற வேண்டும். நல்ல மனிதர்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து அது. யார் யாரோ முகம் தெரியாதவர்களுடைய எதிர்ப்புச் சக்தி எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

பயந்தேனா என்றால், பயந்தேன். கையும் போய்விட்டிருந்தது. நிஷா வந்து கையைப் பிடித்தால் அவள் பிடிப்பது தெரியும், என்னால் திருப்பிப் பிடிக்க முடியாது. அவளுக்கும் அது தெரிந்து, என் விரல்களைத் தன் விரல்களுக்குள் தானே மடக்கி வைத்துக்கொண்டாள். ஜெபம் பண்ணக்கூட மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. 'ஆண்டவரே' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மீதி அவருக்குத் தெரியும்.

மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாளும் பன்னிரண்டு. காலையிலும் பன்னிரண்டு, மதியமும் பன்னிரண்டு. 'பதி' என்று வாய் தொடங்கும்போது மூச்சு தீர்ந்துவிடும்.

நான்காம் நாள் ஊசி ஏறிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் வந்து எண்ணச் சொன்னார். கட்டிலுக்கு அடியில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மல்லிகா நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள். நான் எண்ணினேன். பன்னிரண்டு வந்தது. அதற்கு மேலும் கொஞ்சம் காற்று மிச்சமிருந்தது. அதைத் திரட்டி, "பதிமூணு" என்றேன். குரல் வெளியே வந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

"இன்னொரு தடவை" என்றார் சிஸ்டர்.

மறுபடியும் பதிமூன்று.

மல்லிகா துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். வெளியே வராந்தாவில்தான் செல்வராஜ் நான்கு நாளாக உட்கார்ந்திருந்தார். "அண்ணா, பதிமூணு" என்று அவள் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. அதன்பிறகு நடந்ததை அவளே வந்து சொன்னாள். செல்வராஜ் எழுந்து நேராகக் கீழே போயிருக்கிறார். பெரிய ஃபிளாஸ்க்கில் டீ வாங்கி வந்து, வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஒரு பெரியவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் தம்பி. பையனா, பொண்ணா?" என்று கேட்டாராம்.

"என் வீட்டுக்காரம்மா பதிமூணு வரைக்கும் எண்ணிட்டாங்க" என்றாராம் இவர். பெரியவருக்கு என்ன புரிந்ததோ, "நல்லா வளரட்டும்" என்று வாழ்த்திவிட்டு டீயைக் குடித்திருக்கிறார்.

அடுத்த நாள் பதினைந்து. அதற்கடுத்து பத்தொன்பது. மிஷினை வேறொருவருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னையும் பழைய ஜன்னலோரத்துக்குத் தள்ளி வந்தார்கள்.

மூச்சு பிழைத்துக்கொண்டது. ஆனால் கழுத்துக்குக் கீழே நான் ஒரு மூட்டை. அந்த நாட்களில் எனக்கு வந்த மிகப்பெரிய துன்பம் எது என்று கேட்டால் மூக்கு அரிப்பு என்றுதான் சொல்வேன். கை கால் வராது என்று தெரிந்ததும் மூக்குக்கு எங்கிருந்துதான் அத்தனை அரிப்பு வருமோ. "மல்லிகா, மூக்கு" என்று கூப்பிடுவேன். "இங்கியா? இப்டிக்கா? இன்னும் மேலயா?" என்று அவள் பொறுமையாகச் சொறிந்துவிடுவாள். ஒரு தடவை அவள் இல்லாதபோது, பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவரும் ஒன்றும் நினைக்காமல் பேனாவின் மறுமுனையால் சொறிந்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

செல்வராஜ் என் தலையைப் பின்னக் கற்றுக்கொண்டார். நிஷாவுக்குப் பரீட்சை இருந்த வாரம் அது. முதல் நாள் மூன்று கால் எடுத்துப் பின்ன ஆரம்பித்து, நடுவில் ஒன்று எங்கே போயிற்று என்று தேடினார். பிறகு மூன்று வயரை முறுக்குவதுபோல் இறுக்கமாகப் பின்னிவிட்டு, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றினார். வார்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதை அவிழ்க்க மல்லிகாவுக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று.

அப்படி ஒரு நாள் காலையில்தான் மல்லிகா கதவருகே யாரையோ மறித்துக்கொண்டு நிற்கும் சத்தம் கேட்டது. "யாரும்மா நீ, ஹெல்மெட்டோட வார்டுக்குள்ள வர்றே. கயட்டு மொதல்ல."

"எங்க டீச்சரைப் பாக்கணும்."

குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஜுலைகாக்கா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்து மூன்று. வீடு செம்பாக்கத்தில். மகளைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். "புள்ளையைப் பாக்கணும்னு தோணுற அன்னிக்கே போய்ப் பாக்கணும் டீச்சர். வண்டி எடுங்கன்னு யாரையும் கேட்டுக்கிட்டு நிக்கக் கூடாது" என்று சொல்லி என்னிடம் வந்து சேர்ந்தார். மற்றவர்கள் பத்து நாளில் ஓட்டிவிடுவார்கள். இவர் நாற்பத்தொரு நாள் எடுத்துக்கொண்டார். இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போவார். பிரேக் பிடிக்கச் சொன்னால் ஆக்சிலரேட்டரைத் திருகுவார். ஒரு தடவை மணல் குவியலில் ஏறி, அதன் உச்சியில் போய் நின்றார். இருபத்து மூன்றாம் நாள் என் பொறுமை தீர்ந்துவிட்டது. "அக்கா, சில பேருக்கு வராது. உங்களுக்கு வராது. விட்டுடுங்க" என்று, மற்ற பெண்களுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான் போவதற்கு முன்பே ஹெல்மெட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கடைசியில் லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஆனால் கேம்ப் ரோட்டைத் தாண்டமாட்டார், அவ்வளவு பயம்.

"எப்படிக்கா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வண்டியிலதான்."

"ஜி.எஸ்.டி. ரோட்டுலயா?"

"வேற எந்த ரோடு இருக்கு டீச்சர். ரெண்டு மணி நேரம் ஆச்சு. வழியெல்லாம் ஹாரன் அடிச்சாங்க. அடிக்கட்டும்னு லெஃப்ட்லயே வந்தேன்."

பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார். பூண்டும் தேங்காய்ப்பாலும் போட்ட கஞ்சி. தலையணையை நிமிர்த்தி வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். நான் விழுங்கி முடிக்கும்வரை அடுத்த ஸ்பூன் வாய்க்கு அருகில் வராது. அவசரமே இல்லை அவரிடம். பாதிக் கஞ்சியில் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு உங்களுக்கு வராதுன்னு சொல்லிட்டேன். எல்லார் எதிர்லயும். ரொம்பத் தப்பு."

அவர் ஸ்பூனை நிறுத்திவிட்டு யோசித்தார். "என்னிக்கு?"

"மணல்ல ஏத்துனீங்களே, அதுக்கு மறுநாள்."

"அன்னிக்கா. நான் ஹெல்மெட் போட்டிருந்தேன் டீச்சர், ஒண்ணும் கேக்கல. நீங்க கையை ஆட்டுனீங்க. நாளைக்கு வாங்கன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

உண்மையிலேயே கேட்கவில்லையா, என் மனம் நோகக் கூடாதென்று அப்படிச் சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டார். மீதிக் கஞ்சியை ஊட்டிவிட்டு, முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

சொன்னபடி மறுநாள் வந்தார். அதன்பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தார். அவர் வந்தால் செல்வராஜ் வேலைக்குப் போக முடிந்தது. வந்த இரண்டாம் வாரத்தில், "உங்க பேட்ச்ல மூணு பொண்ணுங்க பாதியில நிக்குதுங்க. பின்னாடி உக்காந்து நான் சொல்லித்தரட்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது. ஆனால் சரி என்றேன். அந்தப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தபோது ஒருத்தி, "ஜுலைகாக்கா திட்டவே மாட்டாங்க மிஸ்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பிசியோதெரபி கொடுக்க வளர்மதி தினமும் வருவாள். கறாரான பெண். கை முதலில் திரும்பி வந்தது. பத்து நாளில் ஸ்பூன் பிடித்தேன், என் மூக்கை நானே சொறிந்தேன். கால்தான் வரவில்லை. "கட்டை விரலை ஆட்டுங்க" என்று வளர்மதி சொல்வாள். நான் விரலைப் பார்த்துக்கொண்டு உள்ளுக்குள் கட்டளை போடுவேன். கிளம்பிப்போன ரயிலைப் பிளாட்பாரத்திலிருந்து கூப்பிடுவதுபோல் இருக்கும்.

"ஆடுன மாதிரி இருந்துச்சு" என்பார் ஜுலைகாக்கா ஒவ்வொரு தடவையும்.

"இல்லை" என்பாள் வளர்மதி ஒவ்வொரு தடவையும். "பொய் சொல்லாதீங்கம்மா. வரும்போது வரும். நான் எழுதணும்."

இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போயிற்று. நடுவில் ஒரு நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னிக்கு வேணாம்" என்றேன். வளர்மதி என் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க பண்ண வேணாம். நான் பண்றேன், நீங்க சும்மா பாத்துட்டு இருங்க" என்று விரல் விரலாக மடக்கி நீட்டினாள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அதுவே போதுமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை. ஜுலைகாக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல் கட்டளை போட்டேன். பிறகு வளர்மதி, கேஸ் ஷீட்டில் எழுதப்போகிறவள் போல மெல்லிய குரலில், "ஆடுச்சு" என்றாள்.

ஜுலைகாக்கா நிமிர்ந்தார். "நான் பாக்கலையே. மறுபடி ஆட்டுங்க டீச்சர்."

ஆட்டினேன். இடது கால் கட்டை விரல், ஒரு நெல் உயரம் நிமிர்ந்து படுத்தது. மல்லிகா ஓடிவந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் துணையாக வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒருமுறை ஆட்டிக் காட்டினேன். "போதும் நிறுத்துக்கா, வெரலு சுளுக்கிக்கப் போவுது" என்று மல்லிகாதான் கூட்டத்தைக் கலைத்தாள். ஜுலைகாக்கா உரித்த சாத்துக்குடியை எல்லாருக்கும் சுளை சுளையாகக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கொடுத்ததால் ஒருவருக்கு இரண்டு தடவை போயிற்று.

ஆஸ்பத்திரியில் மொத்தம் ஏழு வாரம். கடைசி நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தேன். டாக்டர் டிஸ்சார்ஜ் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்க வயர் வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று செல்வராஜைக் கேட்டார். இவர், "இப்ப எல்லா எடத்துலயும் இன்சுலேஷனைத்தான் முதல்ல பாக்கறேன் டாக்டர்" என்றார்.

வீட்டில் ஒரு சிக்கல் காத்திருந்தது. பதினேழு மாடிப்படி. கீழ்வீட்டுக்காரர் நாற்காலியோடு தயாராக நின்றார். வளர்மதி எனக்கு வேறு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். படிக்கு முதுகைக் காட்டி முதல் படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, உடம்பைத் தூக்கி, உட்கார்ந்தபடியே ஒரு படி மேலே போனேன். நிஷா பின்னால், ஜுலைகாக்கா முன்னால். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எட்டாவது படியில் மூச்சு வாங்கிற்று. அங்கேயே உட்கார்ந்து மோர் குடித்தேன். கீழ்வீட்டுக்காரர் மனைவியும் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து, ஏழு வாரத்துத் தெருக் கதையெல்லாம் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து, புடவை முழுக்கத் தூசியோடு, என் வீட்டு வாசலுக்குப் பின்பக்கமாகவே போய்ச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு மாதங்கள் மெதுவாகப் போயின. வாக்கர் போய் ஊன்றுகோல் வந்தது. ஊன்றுகோல் போய்ச் சுவர் வந்தது. வீட்டுக்குள் எங்கே போனாலும் ஒரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். வெள்ளைச் சுவரில் என் கை உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுந்துவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு தொந்தரவு. செல்வராஜ் என்னோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எங்களுக்குள் சத்தம் வராத வாரம் கிடையாது. இப்போது நான் என்ன சொன்னாலும் "சரிம்மா." குழம்பில் உப்பை மறந்தால், "நல்லாத்தான் இருக்கு." வேண்டுமென்றே அவருடைய தம்பியைப் பற்றிக் குறை சொல்லிப் பார்த்தேன். "நீ சொல்றதும் சரிதான்" என்றார். எனக்குப் பயமாகிவிட்டது. இவர் மனதில் நான் இன்னும் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குள்தான் படுத்திருக்கிறேனோ என்று தோன்றியது. ஒரு நாள் நிஷாவிடம், "உங்கப்பா என்னை ஒரு வார்த்தை திட்டினா நல்லா இருக்கும்டி" என்றுகூடச் சொன்னேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்த பிறகு, முதல் தடவையாக யார் துணையும் இல்லாமல் நானே துணிகளை வாஷிங் மிஷினில் போட்டேன். முடிந்ததும் பிழிந்த துணிகளை வாளியில் எடுத்துக்கொண்டிருந்தேன். செல்வராஜ் வந்து தன் காக்கிச் சட்டையை எடுத்துப் பையில் கைவிட்டார். கூழாகிப்போன ஒரு காகித உருண்டை வந்தது.

"இது என்ன?"

"உங்க பாக்கெட்ல இருந்தது."

"இதுல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? பதினாறு ஃபிளாட்டு. எந்த வயர் எந்த போர்டுக்குப் போகுதுன்னு ரெண்டு நாளா தேடித் தேடி எழுதி வச்சிருந்தேன். பாக்கெட்டைப் பாக்காம மிஷின்ல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு?" குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"பாக்கெட்டைக் காலி பண்ணிட்டு அழுக்குக் கூடையில போடணும்னு இருபத்திரண்டு வருஷமா நானும் சொல்றேன். என்னிக்காவது கேட்டீங்களா? போன வருஷம் ஸ்குரூ ஆணியோட போட்டு மிஷினையே உடைச்சது யாரு?"

"அதை எதுக்கு இப்ப இழுக்கிறே?"

"இழுக்காம என்ன பண்றது?"

நிஷா புத்தகத்தோடு அறைக்கு வெளியே வந்து நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னை மட்டும் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். "நீ எதையும் பிடிச்சுக்காம நிக்கிறே."

பார்த்தேன். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தேன். சுவர் எனக்கு நான்கு அடி தள்ளி இருந்தது. வாளி ஒரு பக்கம், மிஷின் ஒரு பக்கம், நடுவில் ஈரத் தரையில் என் இரண்டு பாதங்கள். தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரிந்தது.

செல்வராஜும் என் காலைப் பார்த்தார். கையிலிருந்த காகிதக் கூழைப் பார்த்தார். எங்கே மறுபடியும் 'சரிம்மா' என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

"நின்னா மட்டும்?" என்றார். "பதினாறு ஃபிளாட்டையும் நீ வந்து எழுதித் தருவியா?"

"வர்றேன். படி ஏற மாட்டேன்னு நினைச்சீங்களா?" என்றேன், அவரைவிடச் சத்தமாக.